இருக்கும் சாமியும் வரும் சாமியும்

இந்து வழிபாட்டில் சாமி கும்பிடுவது என்பது எதிரே ஒருவர் இருக்கிறார் என்று கொண்டு செய்யும் காரியம். காலையில் பாட்டுப் பாடி எழுப்புகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், உடுத்தி அலங்கரிக்கிறார்கள், சோறு படைக்கிறார்கள், வீதியுலா கூட்டிப் போகிறார்கள், இரவில் பள்ளியறையில் தூங்கவைக்கிறார்கள். எதிரே யாரும் இல்லையென்றால் இவற்றில் எதற்கும் பொருள் கிடையாது. ஆனால் அந்த இருப்பு எல்லாக் கோயிலிலும் ஒரே வகையானதல்ல. சில தெய்வங்கள் தாமாகத் தோன்றி இருப்பவை. சிலவற்றை மந்திரத்தால் அழைத்துக் கல்லில் குடியமர்த்துகிறார்கள். சில தெய்வங்கள் ஆண்டுக்கொரு முறை வந்து, ஆள்மேல் இறங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. மண்ணுக்குள் அமர்ந்திருக்கும் ஒரு துறவியின் உடலே தெய்வமாகிவிட்ட இடங்களும் உண்டு. எந்த வகை இருப்பு என்பதைப் பொறுத்தே மனிதர் செய்ய வேண்டிய கடமையும் மாறுகிறது.

இந்த வகைகள் ஏறத்தாழ அத்தனையும் ஒரே வட்டாரத்தில் நெருங்கிக் கிடக்கும் இடம் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம். கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். நாமக்கல்லிலிருந்து வரும் சாலை சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறுகிறது. மேலே தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து பரவியிருக்கின்றன. மலைமேல் அறப்பளீசுவரர், எட்டுக்கை அம்மன், மாசிக் குன்றில் பெரியசாமி. கீழே நைனாமலை வரதராஜப் பெருமாள், ஊருக்கு ஊர் மாரியம்மன், சேந்தமங்கலத்தில் தத்தாத்ரேயர் கோயிலும் ஓர் அவதூதரின் அதிஷ்டானமும். இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஆடியில் மலைக்கும், புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளுக்கும், பங்குனியில் மாரியம்மனுக்கும் போய்வருவதில் எந்த முரணும் காண்பதில்லை.

இவற்றில் காலத்தால் மிகப் பழைய செய்தி கொல்லிப்பாவையைப் பற்றியது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சங்கப் பாடல்களில், குறிப்பாக நற்றிணையிலும் குறுந்தொகையிலும், இந்தப் பாவை பலமுறை வருகிறாள். அவை பக்திப் பாடல்களல்ல, காதல் பாடல்கள். தலைவியின் அழகுக்கு ஒப்பாகவே பாவை பேசப்படுகிறாள். ஆனால் போகிற போக்கில் அவை தரும் செய்தி முக்கியமானது. அந்தப் பாவையை மனிதர் யாரும் செய்யவில்லை; தெய்வமோ பூதமோ மலையில் அமைத்தது என்கின்றன பாடல்கள். காற்று மோதினாலும், கடுமழை பெய்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அவள் வடிவம் கெடாது என்கிறார் பரணர். இங்கே பிரதிஷ்டை இல்லை, பூசை இல்லை, நைவேத்தியம் இல்லை. மலை இருக்கும்வரை அவளும் இருக்கிறாள். யாரும் அவளைப் பராமரிக்க வேண்டியதில்லை. சங்ககால மக்கள் மலையிலும் சுனையிலும் மரத்திலும் அணங்கு உறைவதாகக் கொண்டிருந்தார்கள். அணங்கிடம் அன்பைவிட அச்சமே முந்தி நிற்கும். அசுரர்களைச் சிரித்து மயக்கி அழிக்கும் பாவையாக அவளைப் பிற்காலக் கதைகள் சொல்வதும் அந்த அச்சத்தின் தொடர்ச்சிதான். இன்று மலைமேல் எட்டுக்கை அம்மனாக வணங்கப்படுபவளே அந்தக் கொல்லிப்பாவை என்பது மக்கள் நம்பிக்கை. அணங்கு அம்மனாகி, பூசையும் பெற்றுவிட்டாள்.

வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூரில் இருக்கும் அறப்பளீசுவரர் அடுத்த வகை. தேவாரத்தில் தனிப்பதிகம் இல்லாமல், பிற பதிகங்களுக்கு நடுவே பெயர் மட்டும் குறிக்கப்பட்ட தலங்களை வைப்புத்தலம் என்பார்கள். கொல்லி அறப்பள்ளி அப்படியொரு வைப்புத்தலம். இங்குள்ள லிங்கம் சுயம்பு. ஒருவர் நிலத்தை உழுதபோது கலப்பை எதிலோ இடித்தது, இரத்தம் பீறிட்டது, தோண்டிப் பார்த்தால் லிங்கம் என்பது தலத்துக் கதை. கலப்பை பட்ட தழும்பு லிங்கத்தின் உச்சியில் இருப்பதாகக் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் சுயம்புக் கோயில்களின் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் கலப்பை, மண்வெட்டி, கோடரி, பசுவின் குளம்பு என்று ஏதோ ஒன்று பட்டு, கல்லில் இரத்தம் வருவது திரும்பத் திரும்ப வருகிறது. கதை சொல்பவர்கள் சோம்பல்பட்டு ஒரே கதையைப் பிரதி எடுத்ததாக நினைக்க வேண்டியதில்லை. யாரும் அழைக்காமல், யாரும் எதிர்பாராத இடத்தில் தெய்வம் முன்பே இருந்தது, அதற்கு உடம்பும் உண்டு, வலியும் உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கண்டவருக்கு அந்த நொடியில் ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. காயப்படுத்தியவர் பூசை செய்யத் தொடங்குகிறார்.

அறப்பளீசுவரரின் இருப்பு கருவறையோடு முடிவதில்லை. கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. சிறிது தூரத்தில் அதுவே ஆகாய கங்கை அருவியாக விழுந்து புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது. ஆற்று மீன்களை யாரும் பிடிப்பதில்லை. ஒரு காலத்தில் சிலர் மீனைப் பிடித்து, அறுத்து, சமைக்கப் போனபோது துண்டுகள் ஒன்றுசேர்ந்து உயிர்பெற்று ஆற்றில் குதித்தனவாம். அறுத்த மீனைப் பொருத்திய அறப்பளீசுவரர் என்ற பெயர் அதனால் வந்தது. மீனுக்குள்ளும் சாமி இருப்பதாகக் கொண்டு, முதலில் மீன்களுக்குப் படைத்துவிட்டுப் பிறகே சன்னதிக்குப் போகும் வழக்கம் இங்கே உண்டு. ஆடி 18 அன்று மலைக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி அருவியில் குளித்து, மீனுக்குப் பொரி போட்டு, அறப்பளீசுவரரைக் கும்பிட்டுத் திரும்புகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுப்பதும் இதே நாட்களில்தான். 18-ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் இந்த இறைவனை முன்னிலைப்படுத்தி அறப்பளீசுர சதகம் பாடினார். நூறு பாடல்களிலும் பெரும்பாலும் நல்ல மனைவி, நல்ல நண்பன், எண்ணெய் தேய்க்கும் நாள் என்று உலக நடப்புதான் பேசப்படுகிறது. இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க ஒரு சாமி இருக்கிறார் என்ற நெருக்கம் அந்த நூலில் பக்தியாக வெளிப்படுகிறது.

நைனாமலைக்கு வரும்போது இருப்புக்குத் தெளிவான இலக்கணம் கிடைக்கிறது. சமவெளியில் செங்குத்தாக எழும் அந்த மலையின் உச்சிக்கு ஆயிரக்கணக்கான படிகள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விடியற்காலையிலிருந்தே படிகளில் கூட்டம் நிறைந்துவிடும். மேலே நிற்பவர் வரதராஜப் பெருமாள். வைணவத்தின் பாஞ்சராத்திர ஆகமம் இறைவனின் நிலைகளை ஐந்தாகப் பிரிக்கிறது. வைகுண்டத்தில் உள்ள பரநிலை. பாற்கடலில் பள்ளிகொண்ட வியூகம். இராமன், கண்ணன் முதலான அவதாரங்களாகிய விபவம். ஒவ்வோர் உயிருக்குள்ளும் மறைந்திருக்கும் அந்தர்யாமி. கோயிலிலும் வீட்டிலும் உள்ள திருவுருவமாகிய அர்ச்சை. இதில் எந்த நிலை பக்தனுக்கு உதவும் என்ற கேள்விக்குப் பிள்ளை லோகாசாரியர் தண்ணீரை வைத்து விடை சொன்னார். அந்தர்யாமி பூமிக்கடியில் இருக்கும் நீர், தோண்டத் தெரிந்தவனுக்கே கிடைக்கும். பரநிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர். வியூகம் எங்கோ உள்ள பாற்கடல். அவதாரம் பெருகி ஓடிய ஆறு, அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, வடிந்துவிட்டது. அர்ச்சை அந்த ஆற்றின் பள்ளங்களில் தேங்கி நிற்கும் மடு; தாகம் எடுத்தவன் குனிந்து அள்ளிக்கொள்ளலாம். அடியார்கள் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அதையே தன் உருவமாகக் கொள்கிறான் என்று பொய்கையாழ்வார் முன்பே பாடியிருந்ததன் விரிவு இது.

லோகாசாரியருக்கு இது ஏட்டுக் கொள்கையாக மட்டும் இருக்கவில்லை. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, மூலவரின் முன் சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே வெளியேறிய கூட்டத்துக்கு முதியவரான அவரே தலைமை தாங்கினார். மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் அவர் காலமானார் என்று மரபு சொல்கிறது. நம்பெருமாள் பல ஊர்கள் சுற்றி 1371-இல்தான் திருவரங்கம் திரும்பினார். விலைமதிப்புள்ள பொருளைக் காப்பாற்றுவது என்றால் பொன்னகைகளை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். வழியெல்லாம் காட்டிலும் மேட்டிலும் ஒருவேளையாவது அமுது செய்விக்க வேண்டிய ஒருவரை அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கல்லோ செம்போ எப்போது சாமியாகிறது என்ற கேள்விக்கு ஆகமங்கள் தரும் விடை விரிவானது. சிற்பியின் பட்டறையில் இருப்பது சிலைதான்; அதன்மேல் கால் வைத்து நின்றுதான் செதுக்குவார்கள். பிரதிஷ்டைக்கு முன் சிலையை நீரில் கிடத்துவது ஜலாதிவாசம், நெல் முதலிய தானியங்களுக்குள் கிடத்துவது தானியாதிவாசம், படுக்கையில் கிடத்துவது சயனாதிவாசம். கண்ணைத் திறப்பது ஸ்தபதியின் உரிமை. திரை மறைவில், பொன் ஊசியால் கண்மணியைக் கீறுகிறார். திறந்த கண்ணின் முதல் பார்வை மனிதர்மேல் விழலாகாது என்பதால் கண்ணாடியும், கன்றோடு பசுவும், தானியக் குவியலும் காட்டப்படுகின்றன.

அதுவரைக்கும் தெய்வம் எங்கே இருக்கிறது? யாகசாலையில், குடத்தில். கும்பம் என்பது ஓர் உடம்பாகவே கட்டப்படுகிறது. குடத்தின்மேல் சுற்றும் நூல் நாடி நரம்புகள், உள்ளே உள்ள நீர் இரத்தம், மேலே வைக்கும் தேங்காய் தலை, மாவிலை சடைமுடி, தர்ப்பைக் கூர்ச்சம் பிராணன். அந்த உடம்பில் தெய்வத்தை ஆவாகனம் செய்து, பல கால யாகபூசை நடத்துகிறார்கள். பிறகு யாக குண்டத்துக்கும் கருவறையில் உள்ள மூர்த்திக்கும் இடையே தர்ப்பைக் கயிறோ நூலோ பிடித்து நாடி சந்தானம் செய்வார்கள். அந்த வழியே உயிர் பாய்கிறது. கடைசியில் கடம் புறப்பாடு. குடங்களைத் தலையில் சுமந்து வந்து விமானக் கலசத்திலும் மூலவர்மேலும் நீரைச் சேர்க்கிறார்கள். அந்த நேரத்தில் கூட்டம் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்க்கும். கருடன் வட்டமிட்டால்தான் மக்களுக்கு நிறைவு. மந்திரம் தெரிந்தவர்களுக்குக் குடத்து நீர் சான்று, மற்றவர்களுக்கு அந்தப் பறவை. தொடர்ந்து 48 நாள் மண்டலாபிஷேகம்.

லிங்கத்தையோ சிலையையோ பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தும் கவனிக்கத் தக்கது. கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்து, மெழுகுபோல் குழைத்து, இடுக்கில் சாத்துகிறார்கள். காலப்போக்கில் அது இறுகி வெடிக்கும். சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். திருப்பணி தொடங்கும்போது மூர்த்தியிலிருந்து கலைகளைக் கும்பத்துக்கு இழுத்து (கலாகர்ஷணம்), அங்கிருந்து ஓர் அத்திப்பலகைக்கோ படத்துக்கோ மாற்றி, பாலாலயத்தில் வைத்து வழிபடுகிறார்கள். அந்த நாட்களில் கருவறை மூடிக் கிடக்கும். அர்ச்சகரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது வேலை நடக்கும் இடம். சாமி பலகையில் இருக்கிறார். மந்திரத்தால் வந்த இருப்பை மந்திரத்தால் நகர்த்தவும் முடியும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடையாது. வீட்டில் மஞ்சளைப் பிடித்துப் பிள்ளையார் ஆக்கி, அருகம்புல் செருகி, பூசை முடிந்ததும் வடக்கே சற்று நகர்த்தி வழியனுப்பிவிடும்போதும் இதே முறைதான் சிறிய அளவில் நடக்கிறது. மறுநாள் அந்த மஞ்சளைக் கரைத்துவிடலாம், யாருக்கும் உறுத்தாது.

குடியமர்த்தப்பட்ட தெய்வத்தின் வீட்டில் அன்றாடம் ஒருவர் வேலை செய்தாக வேண்டும். பதினாறு உபசாரங்கள் என்று நூல்கள் பட்டியலிடுவது வீட்டுக்கு வந்த பெரிய மனிதருக்குச் செய்யும் மரியாதைதான்: இருக்கை, கை கால் கழுவ நீர், குளியல், உடை, சந்தனம், பூ, தூபம், தீபம், உணவு, தாம்பூலம். பூசை தடைபட்டால் சம்ப்ரோட்சணம் செய்ய வேண்டும். ஊரில் துக்கம் நேர்ந்தால், உடலை எடுக்கும்வரை பல ஊர்களில் கோயில் நடை திறப்பதில்லை. பார்க்கப் போகிறவருக்குத் தேவையானது தீபாராதனையின் அந்தச் சில நொடிகள். திரை விலகி, கற்பூர வெளிச்சத்தில் முகம் தெரியும்போது கூட்டத்திலிருந்து எழும் ஓசை, தாங்கள் பார்த்ததற்காக மட்டும் எழுவதல்ல. சாமியும் தங்களைப் பார்த்துவிட்டார் என்பதில்தான் அவர்களுக்கு நிம்மதி.

இந்த இருப்பைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. இந்தியச் சட்டத்தில் கோயில் மூர்த்தி ஒரு சட்டபூர்வமான நபர். சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம், ஆனால் தானே பேச முடியாததால் மைனர் நிலையில் வைக்கப்படுகிறார். 1925-இல் கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்து மூர்த்தி தொடர்பான வழக்கில், எந்த இடத்தில் வைத்து வழிபடுவது என்பதில் மூர்த்தியின் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதற்காகப் பேச ஒருவரை அமர்த்த வேண்டும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1976-இல் தஞ்சைப் பகுதிப் பத்தூரில் மண்ணுக்குள் கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் போன நடராசர் வழக்கிலும் இந்தக் கொள்கை வந்தது. இடிந்துபோன அந்தக் கோயிலையே ஒரு தரப்பாக ஏற்று, 1991-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்புச் சொல்ல, நடராசர் தமிழ்நாடு திரும்பினார். பூசையே நின்றுபோன கோயிலுக்கும் உரிமை போய்விடவில்லை.

ஆகம முறை இவ்வளவு நுட்பமாக இருந்தாலும், தமிழ்ப் பக்தி இலக்கியம் அதை அப்படியே ஒப்புக்கொண்டதில்லை. பெரியபுராணத்தில் காளத்தி மலைக்கு வந்த வேடர் திண்ணன், வாயில் நீர் சுமந்து வந்து அபிஷேகம் செய்து, மென்று சுவை பார்த்த இறைச்சியைப் படைக்கிறார். முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் மறுநாள் வந்து பதறிப்போகிறார். யாருடைய பூசை மேல் என்பதை லிங்கத்தின் கண்ணிலிருந்து வழிந்த இரத்தம் தீர்த்துவைத்தது. பூசலாரின் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருநின்றவூரில் கையில் காசில்லாத அந்தணர் மனத்துக்குள்ளேயே கல்லடுக்கி, சிகரம் வைத்து, குடமுழுக்குக்கு நாளும் குறிக்கிறார். அதே நாளில் காஞ்சியில் காடவர் மன்னன் கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். மன்னனின் கனவில் வந்த சிவன், அன்றைக்குப் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, நாளை மாற்றிக்கொள் என்றான். சாமியும் ஒரு நாளில் ஓரிடத்துக்குத்தான் போக முடியும் என்பதுபோல் அமைந்த இந்தக் கதையின் குறும்பு, அரசர்களின் காதில் விழும்படி எழுதப்பட்டது. கொல்லிமலையோடு சேர்த்துப் பேசப்படும் சித்தர் மரபோ இன்னும் கடுமையானது. உள்ளத்துக்குள்ளேயே இறைவன் இருக்கும்போது நட்டுவைத்த கல் பேசவா போகிறது என்று சிவவாக்கியர் கேட்டார். அவர் பாட்டைப் பாடுகிறவர்கள்தான் பவுர்ணமிக்குச் சித்தர் குகைகளைத் தேடி மலையேறி, அங்கே கற்பூரமும் ஏற்றுகிறார்கள். கண்டனம் செய்தவரின் இடமும் வழிபடும் இடமாகிவிடுவது இந்த மண்ணின் பழக்கம்.

ஊர்த் தெய்வங்களின் வழி வேறு. அங்கே சாமி எப்போதும் உட்கார்ந்திருப்பதில்லை, வருகிறது. சேலம், நாமக்கல் பக்கத்து மாரியம்மன் நோன்பியில் முதலில் பூச்சாட்டு. அன்றைக்கே ஊர் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும்; நோன்பி முடியும்வரை ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது என்ற ஊர்களும் உண்டு. கோயில் முன் முக்கவராகக் கிளைத்த பால்மரத்துக் கொம்பை நடுவது கம்பம் நடுதல். அது அம்மனின் புருசன். மஞ்சள் நீர் ஊற்றி, சுற்றி ஆடுவார்கள். அம்மனை அழைப்பது நீர்நிலையிலிருந்து. ஆற்றங்கரையிலோ கிணற்றடியிலோ கரகம் பாலித்து, பம்பையும் உடுக்கையும் முழங்க, அவள் கதையைச் சொல்லி வருணித்து அழைக்கிறார்கள். சரியான கதையைச் சரியான பண்ணில் பாடினால்தான் வருவாள். வந்துவிட்டாள் என்பது கரகம் எடுப்பவரின் உடம்பு நடுங்குவதில் தெரியும். யாகசாலையில் குடம் உடம்பாகிறது என்று நூல் சொல்லும். இங்கே குடத்தைச் சுமப்பவரின் உடம்பே குடமாகிவிடுகிறது.

அருள் வந்து ஆடுபவரை மருளாளி என்பார்கள். வந்திருப்பது யார் என்று ஊர்ப் பெரியவர் நேரடியாகக் கேட்பார்: “யாரு வந்திருக்கே? எதுக்கு வந்தே? சொல்லு சாமி.” ஒருமையில் கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை, அம்மனிடம் பேசும் உரிமை அது. வாக்குத் தெளிவாக வரவில்லையென்றால், எரியும் கற்பூரத்தை நாக்கில் வைத்துச் சோதிப்பதும் உண்டு. எல்லா நடுக்கமும் சாமி அல்ல என்பதில் கிராமத்துக்கு ஐயமே கிடையாது. பேய் பிடித்ததா, குடித்துவிட்டு ஆடுகிறானா, உண்மையிலேயே அருளா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். கெடா வெட்டிலும் அப்படித்தான். ஆட்டின்மேல் மஞ்சள் நீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பித் துலுக்கினால்தான் சாமி சம்மதம் என்று பொருள். துலுக்கவில்லையென்றால் என்ன குறை, யார் மனத்தாங்கலாக இருக்கிறார் என்று பங்காளிகளுக்குள் பேச்சு எழும். பல வருட மனவருத்தம் அந்தக் கால்மணி நேரத்தில் வெளியே வந்து தீர்வதும் உண்டு. நோன்பியின் கடைசி நாளில் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிட்டு, மஞ்சள் நீராடுகிறார்கள். ஆண்டு முழுதும் அவளைத் தாங்க ஊரால் முடியாது; கூப்பிட்டு, கொண்டாடி, அனுப்பிவைக்க வேண்டும்.

மாசிக் குன்றில் இருக்கும் பெரியசாமி, எப்போதும் இருக்கும் சாமிக்கும் வந்துபோகும் சாமிக்கும் நடுவே நிற்பவர். பெரியண்ணசாமி என்றும் சொல்வார்கள். மலையாளிகளுக்கு மட்டுமல்லாமல், அடிவாரத்திலும் துறையூர்ப் பக்கத்திலும் உள்ள பல சாதிக் குடும்பங்களுக்கும் அவர் குலதெய்வம். வேண்டுதல் பலித்தவர்கள் வேல் கொண்டுவந்து நடுகிறார்கள். கெடா, சேவல் காவு கொடுக்கிறார்கள். குலதெய்வத்தின் இருப்பு மண்ணோடும் குடும்பத்தோடும் கட்டப்பட்டது. ஊரைவிட்டுப் பெயர்ந்து போகிறவர்கள் கோயில் வாசலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் வைத்துக் கோயில் எழுப்புகிறார்கள். பிடிமண் போன இடத்துக்குச் சாமியும் போகும், பழைய இடத்திலும் இருக்கும். வேத மந்திரமோ குடமோ இல்லாமல், அர்ச்சகரின் உதவியும் இல்லாமல் நடக்கும் பிரதிஷ்டை இது. கடமையும் வேறு மாதிரி. தினப்பூசை கட்டாயமில்லை. ஆனால் முதல் மொட்டை, காதுகுத்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவரிடம்தான் முதலில் போக வேண்டும். மறந்தால் வீட்டில் ஏதாவது நடக்கும், பிறகு ஜோசியர் கேட்பார்.

சேந்தமங்கலம் ஊருக்கே தனிப்பெயர் தந்த இருப்பு, ஒரு மனிதருடையது. சந்நியாசிக்கரடு என்று சொல்லப்படும் சிறு குன்றில் தங்கியிருந்தவர் ஸ்ரீ ஸ்வயம்பிரகாச பிரம்மேந்திர சரஸ்வதி அவதூத சுவாமிகள். புதுக்கோட்டையில் சமாதி கொண்ட ஜட்ஜ் சுவாமிகளின் சீடர். உடை, உடைமை, ஊர், ஆசிரம விதிகள் எல்லாவற்றையும் உதறியவரையே அவதூதர் என்பார்கள். தமிழ்நாட்டில் தத்தாத்ரேயருக்குக் கோயில்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்றை இவர் சேந்தமங்கலத்தில் நிறுவினார். அந்தத் தேர்வில் பொருத்தம் இருக்கிறது. அவதூதர்களுக்கெல்லாம் முதல்வராகச் சொல்லப்படுபவர் தத்தாத்ரேயர். பாகவதத்தின் 11-ஆம் ஸ்கந்தத்தில் ஓர் அவதூதர் தமக்கு 24 குருமார்கள் என்று பட்டியல் தருகிறார். நிலம், காற்று, கடல், மலைப்பாம்பு, தேனீ, சிலந்தி, அம்பு செய்பவன் என்று போகும் அந்தப் பட்டியலில் தூண்டிலில் சிக்கிய மீனும் உண்டு. அவரே தத்தாத்ரேயர் என்பது மரபு.

சுவாமிகள் 1948-இல் சித்தியடைந்தார். துறவியின் உடலைத் தமிழ்நாட்டில் எரிப்பதில்லை. ஞானத் தீயில் ஏற்கெனவே வெந்த உடம்பு, இன்னொரு தீ எதற்கு என்பது அதற்குச் சொல்லும் காரணம். அமர்ந்த நிலையில் குழிக்குள் இறக்கி, திருநீறு, கற்பூரம், உப்பு, வில்வம் இவற்றால் நிரப்பி மூடுகிறார்கள். மேலே லிங்கமோ துளசி மாடமோ வைக்கப்படும். அந்த இடமே அதிஷ்டானம். இறந்தவரைத் தொட்டால் தீட்டு என்ற பொதுவிதி இங்கே தலைகீழாகிறது. மற்ற இடங்களில் சவம் ஊருக்குள் இருந்தால் கோயில் நடை சாத்தப்படும். அதிஷ்டானத்தில் உடல் உள்ளே இருப்பதே கோயிலுக்குக் காரணம். இதற்குச் சைவ சித்தாந்தத்திலும் இடம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞானபோதம், தன் 12-ஆவதும் கடைசியுமான நூற்பாவில், அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனென்றே தொழச் சொல்லி முடிகிறது. அடியாரும் ஆலயமும் ஒரே தட்டில் வைக்கப்படும்போது, அடியார் அமர்ந்த குழியும் ஆலயமாவது இயல்பு.

இந்த இருப்புக்கு ஆவாகனம் தேவையில்லை. அவர் எங்கும் போகவில்லை என்பதே நம்பிக்கை. வருகிறவர்கள் அதிஷ்டானத்தின் முன் சும்மா உட்கார்ந்திருப்பதை வழிபாடாகக் கொள்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை ஆராதனை, அன்னதானம். ஆயினும் காலம் செல்லச் செல்ல அதிஷ்டானங்களும் ஆகமக் கோயில்களின் வழிக்கே வந்துவிடுகின்றன. அபிஷேகம், அலங்காரம், கும்பாபிஷேகம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இந்தப் பரம்பரையிலேயே அதைப் பார்க்கலாம். அவதூத சுவாமிகளின் சீடரான சாந்தானந்த சுவாமிகள் புதுக்கோட்டையில் ஜட்ஜ் சுவாமிகளின் அதிஷ்டானத்தைப் புவனேசுவரி கோயிலாக வளர்த்தார். பிறகு சேலம் உடையாப்பட்டியில் குன்றின்மேல் கந்தாசிரமம் எழுப்பி, 1971-இல் பிரதிஷ்டை செய்தார். அங்கே முருகன் ஒரு பக்கமும், பதினெட்டுக் கைகளோடு அஷ்டாதசபுஜ மகாலட்சுமி துர்க்கை எதிர்ப்பக்கமும், மகனும் தாயும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். எல்லாவற்றையும் உதறிய அவதூதரின் சீடர் கட்டிய கோயிலில், நாளுக்கு நாள் குளிப்பாட்டி உடுத்திச் சோறூட்ட வேண்டிய தெய்வங்கள் இரண்டு.